அறுவடைக்கு முந்திய மகிழ்ச்சி

டிசம்பர் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலியில் முதல் வாசகம் எசாயா நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் அதே வாசகம்தான். தஞ்சாவூர் திரு இருதயப் பேராலயத்திலும் பூண்டி மாதா கோவிலிலும் அதேதான். இருளில் கிடந்த மக்களுக்கு வெளிச்சம் வந்ததைச் சொல்லிவிட்டு, அவர்கள் அடைந்த மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்று காட்ட இறைவாக்கினர் அறுவடையைத் துணைக்கு அழைக்கிறார். கதிர் அறுத்துக் களம் சேர்த்தவனின் மகிழ்ச்சி அது. நெல்லை நம்பி வாழும் ஊரில் இந்த உவமைக்கு உரை தேவையில்லை.

பொருந்தாமல் நிற்பது காலம்தான். காவிரிப் படுகையில் அந்த வாசகம் ஒலிக்கும் இரவில் சம்பா வயலில்தான் நிற்கிறது. மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். முன்னதாக நட்ட வயல்களில் கதிர் பால் பிடித்திருக்கும். பின்தங்கிய தாளடியில் இன்னும் பூட்டுக்கதிர்கூட வெளிவந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெற்றதா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஒரு பெருமழை அடித்தால் பயிர் சாய்ந்துவிடும். தண்ணீர் வடியாவிட்டால் கதிர் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். நகையை அடகு வைத்து நட்டவர்கள் தை பிறக்கும்வரை நிம்மதியாகத் தூங்குவதில்லை. அறுவடையின் மகிழ்ச்சியைப் பற்றிய வாசகம் அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்னால், விளைச்சல் வீடு வருமா வராதா என்று தெரியாத வேளையில், இங்கே வந்து சேர்கிறது.

இந்த முரண் தற்செயலானதுதான். 25 டிசம்பர் என்ற தேதி ரோமில் 336ஆம் ஆண்டளவில் வழக்கில் இருந்ததற்குச் சான்று இருக்கிறது. அதற்கும் தஞ்சைச் சம்பாவுக்கும் தொடர்பில்லை. இருந்தாலும், எசாயாவின் சொற்கள் முதலில் பேசப்பட்ட நிலைமைக்கு மிக அருகில் அவற்றைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்தத் தற்செயல்தான். கிறிஸ்துவுக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பு அசீரியப் படை வட இஸ்ரயேலைத் துவைத்தபோது முதலில் வீழ்ந்தவை கலிலேயாவை ஒட்டிய நிலங்கள். எசாயா மகிழ்ச்சியைப் பேசியது அந்த நிலங்களைப் பார்த்து. படைவீரர்களின் காலணிகளும் இரத்தம் தோய்ந்த உடைகளும் நெருப்புக்கு இரையாகும் என்கிறார். அவர் அதைச் சொன்னபோது அவை எரியவில்லை, அணிந்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவம் கிறிஸ்துமஸில் பேசும் மகிழ்ச்சி இந்த வகையைச் சேர்ந்தது. கையில் வந்து சேர்ந்ததைக் கொண்டாடுவதற்கு முன்பே, வந்துகொண்டிருப்பவரை நம்பி எழுகிற மகிழ்ச்சி அது. அது யாருக்கு முதலில் சொல்லப்பட்டது, யார் வாயால் சொல்லப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைத் தஞ்சை மண்ணின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

லூக்கா எழுதிய நற்செய்தியின்படி, பிறப்புச் செய்தி எருசலேம் ஆலயத்துக்கும் போகவில்லை, ஏரோதின் அரண்மனைக்கும் போகவில்லை. இரவில் வயல்வெளியில் கிடை காத்துக் கிடந்த இடையர்களுக்குப் போயிற்று. எல்லா மக்களுக்கும் உரிய பெரிய மகிழ்ச்சி என்று வானதூதர் அவர்களிடம்தான் சொல்கிறார். காவிரிப் படுகைக்காரர்களுக்கு இந்த இடையர்கள் அயலார் அல்லர். ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும் கீதாரிகள் அவர்களைப் போன்றவர்களே. உழவர்கள் உரத்துக்காகக் கிடை போடச் சொல்வார்கள். கீதாரிகள் பட்டிக்கு அருகிலேயே வெட்டவெளியில் படுத்து, இரவெல்லாம் நரிக்கும் திருடனுக்கும் காவல் இருப்பார்கள். குட்டிகளைக் கூடை கவிழ்த்து மூடி வைப்பார்கள். இன்று ஒரு வயல், நாளை இன்னொன்று. ஊரின் பண்டிகைப் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. ஊர்க்கூட்டத்தில் அவர்களைக் கேட்டு எதுவும் முடிவாகாது. சு. தமிழ்ச்செல்வி ‘கீதாரி’ என்ற நாவலில் அந்த வாழ்வை எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தால், வாழ்த்து அட்டைகளில் அழகாக மண்டியிட்டிருக்கும் இடையர்கள் மறைந்து, களைத்த கண்களோடு கம்பளிக்குள் சுருண்டிருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.

பெத்லகேமின் ஏழைமையை ஐரோப்பா கண்ணால் காணும்படி செய்தவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோ என்ற சிற்றூரில், வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியும் மாடும் கழுதையுமாக அவர் அமைத்த காட்சியிலிருந்துதான் இன்று நம் ஊர்க் கோவில்களில் கட்டும் குடில் பிறந்தது. தஞ்சையில் குடிலுக்கு வைக்கோல் தேடி அலைய வேண்டியதில்லை. மார்கழி தொடங்கியதும் மூங்கில் பிளாச்சும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டுவதும், தட்டில் தானியம் முளைக்கவிட்டுக் குடிலுக்குப் புல்வெளி செய்வதும் பிள்ளைகளின் வேலை.

குடிலைவிட ஆழமாகக் கிறிஸ்து பிறப்பைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர் ஒருவர் தஞ்சாவூரில் வாழ்ந்தார். அவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் 1785இல் அந்தச் சிறுவனின் அறிவைக் கண்டு தம்மோடு தஞ்சைக்கு அழைத்து வந்தார். அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் கற்ற இன்னொரு பிள்ளைதான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. சுவார்ட்ஸ் 1798இல் இறந்தபோது, மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையைத் தாம் பற்றியிருப்பதாகப் பளிங்கில் செதுக்கித் தரும்படி சரபோஜி லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கேட்டார். சிவகங்கைத் தோட்டத்து அருகிலுள்ள சுவார்ட்ஸ் கோவிலில் அந்தச் சிற்பம் இன்றும் இருக்கிறது. ஒரு மாணவர் குருவுக்குப் பளிங்கு எடுத்தார். மற்றவர் குருவிடம் கேட்ட செய்திக்குத் தமிழ் எடுத்தார்.

1800ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதுக்குள், சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பாடினார். குறவஞ்சி அப்போது நாடாண்ட வடிவம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி, திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சாஸ்திரியாருக்குச் சொந்த மண்ணின் செல்வம். தஞ்சையிலும் சரபோஜியைத் தலைவனாக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோவிலில் ஆடப்பட்டது. குறவஞ்சி எதிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: தலைவன் உலா வருவான், தலைவி கண்டு மையல் கொள்வாள், பிரிவில் வாடுவாள், அப்போது குறத்தி வருவாள். தன் மலைவளம் சொல்வாள், கையைப் பிடித்துப் பார்ப்பாள், அவன் வருவான் என்பாள். பிறகு குறவன் பறவைக்குக் கண்ணி வைத்துக்கொண்டே அவளைத் தேடி வருவான்.

இந்த வார்ப்பில் சாஸ்திரியார் ஊற்றியது வேறு. தலைவன் பெத்லகேமின் இயேசு. தலைவி தேவமோகினி, சீயோனின் மகளாகிய திருச்சபை. குறி சொல்லும் குறத்தி ஞானசிங்கி என்பவள் விசுவாசம். அவளைத் தேடி வரும் ஞானசிங்கன் குரு. அவன் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள். இடையில் உலகத்து நாடுகளும் ஆறுகளும் வருகின்றன. சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுவதைச் சொல்லும் புதிய வானியலும் வருகிறது. மிஷன் பள்ளியில் கற்ற அறிவியலை அவர் பக்திக்கு வெளியே வைக்கவில்லை. பிறந்த குழந்தையின் ஆட்சிக்குள் கோள்களையும் சேர்த்தே பாடினார்.

இந்தப் படைப்பில் நின்று பார்க்க வேண்டியது குறத்திதான். வாடிக் கிடக்கும் தலைவிக்கு மகிழ்ச்சியின் முதல் சொல்லைக் கொண்டுவருபவள் அவள். அவளுக்கு நிலம் இல்லை, மாடமாளிகை இல்லை, ஊர் ஊராகப் போய்க் கொடுத்ததை உண்பவள். தலைவியோ உயர்ந்த இடத்துப் பெண். தலைவிக்குத் தெரியாதது குறத்திக்குத் தெரியும். அவன் இன்னும் வந்து சேரவில்லை, ஆனாலும் வருவான் என்று அவள் கையைப் பார்த்துச் சொன்ன கணத்திலிருந்தே தலைவியின் முகம் மாறுகிறது. பெத்லகேம் வயலில் இடையர்கள் வகித்த இடத்தைத் தமிழ் இலக்கியத்தில் யாரால் நிரப்ப முடியும் என்று தேடினால் குறத்தியைத் தவிர வேறு பொருத்தமானவள் இல்லை. சாஸ்திரியார் இதை முழுக்க எண்ணிச் செய்தாரோ இல்லையோ, அவருடைய தமிழ் அதைச் செய்துவிட்டது. அறுவடைக்கு முந்திய மகிழ்ச்சிக்கு இதைவிடத் துல்லியமான நாடக வடிவம் கிடைப்பது அரிது.

பின்னாளில் அவருடைய வாழ்வே இந்த மகிழ்ச்சியின்மேல் எழுந்த ஒரு வழக்காக மாறியது. 1820களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிகள் சுவார்ட்ஸ் காலத்துப் பழக்கங்கள் பலவற்றை மாற்ற முனைந்தார்கள். திருவிழாவிலும் திருமணத்திலும் பூ வேண்டாம் என்றார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகள் வேண்டாம் என்றார்கள். இவை பழைய சமயத்தின் மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். மகிழ்ச்சி உள்ளத்தில் இருக்க வேண்டியது. மாலையும் தாளமும் அதைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார், வாதாடினார்.

அந்த வாதத்தில் அவர் பக்கமே நியாயம் இருந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே கடவுள் உடல் எடுத்ததை. பசித்தால் அழும், குளிர்ந்தால் நடுங்கும் குழந்தையாக அவர் வந்தார் என்பதுதான் செய்தி. அப்படியிருக்க, அந்தப் பிறப்பின் மகிழ்ச்சி மட்டும் உடல் இல்லாமல், மணம் இல்லாமல், சொந்தத் தாளம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது அந்தச் செய்திக்கே எதிரானது. கதம்பமும் மிருதங்கமும் இல்லாமல் தஞ்சாவூர்க்காரரால் எதைத்தான் முழுதாகக் கொண்டாட முடியும்? காலம் சாஸ்திரியாருக்குத் துணை நின்றது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவரிடம் பாடல்களைக் கேட்டு, 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். சாஸ்திரியாருக்கு அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. தஞ்சையிலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தாமே இயற்றி, இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டதும் இதே மரபின் தொடர்ச்சி. இன்று தமிழ்ப் புராட்டஸ்டன்டு ஆலயம் எதிலும் கீர்த்தனை இல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது.

அதே வழக்கில் இன்னொரு பகுதி உண்டு; அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மை ஆகாது. அந்த மிஷனரிகள் கோவிலுக்குள் சாதிப் பிரிவையும் நீக்க முயன்றார்கள். வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்காரும் வழக்கம் போக வேண்டும், திருவிருந்தின் கிண்ணம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் இதையும் கொடுமை என்றே கருதினார். சாதி ஆசாரத்தைக் காத்து எழுதினார். 1829இல் மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பள்ளித் தோழர் சரபோஜி அரசவைக் கவிஞராக ஆதரித்தார். குறத்தியின் வாயில் நற்செய்தியை வைத்துப் பாடிய அதே கவிஞருக்கு, தம் பக்கத்தில் ஒரு பறையர் அமர்ந்து ஒரே கிண்ணத்தில் பருகுவதை ஏற்க முடியவில்லை. பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது சரி. சாதிக்கு வாதாடியது தவறு. சிறிய தவறும் அல்ல. மிஷனரிகளோ முதலாவதில் தவறி இரண்டாவதில் சரியாக இருந்தார்கள். எல்லா மக்களுக்கும் என்று வானதூதர் சொன்னதை இரு தரப்பும் பாதிப் பாதியாகவே கேட்டன. அந்தப் பாதி இன்னும் முழுமை பெறவில்லை. தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் தேர்ப் பவனியும் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதியால் பிரிந்து கிடப்பதை எல்லாரும் அறிவார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் மகிழ்ச்சி பற்றிப் பேசும் எவரும் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவைத் தாண்டிப் போக முடியாது. அன்றைய கிழக்குத் தஞ்சையில், நாகப்பட்டினம் அருகே கீழ்வெண்மணியில், அந்த இரவில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே மிகுதி. எல்லாரும் தலித் விவசாயக் கூலிகள் குடும்பத்தினர். அவர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வாகக் கேட்டது அரைப்படி நெல். பசுமைப் புரட்சி தொடங்கி விளைச்சல் கூடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தக் கூடுதல் நெல்லில் அறுத்தவருக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வி. கீழமை நீதிமன்றம் நிலவுடைமையாளர்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதி அந்த நிகழ்வைப் பின்னணியாக வைத்து எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

இறந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். பண்டிகைக்கும் கொலைக்கும் தொடர்பும் இல்லை. ஆனால் நாட்காட்டி ஒன்றுதான். சுற்றியுள்ள ஊர்களின் கோவில்களில் வானதூதரின் மகிழ்ச்சி பாடப்பட்ட அதே நாளின் இரவு அது. லூக்காவின் முதல் அதிகாரத்தில் கருவுற்ற மரியா பாடும் பாடல் ஒன்று இருக்கிறது. பசித்தவர்கள் நன்மைகளால் நிறைவதையும் செல்வர்கள் வெறுங்கையோடு போவதையும் அரியணைகள் கவிழ்வதையும் அவள் நடந்து முடிந்த செயல்களாகப் பாடுகிறாள். பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றித் தாய் அடைந்த மகிழ்ச்சியின் உள்ளடக்கம் அதுதான். அரைப்படி நெல்லுக்கு வெளியே அந்தப் பாடலுக்குப் பொருள் தேடினால் அது வெறும் இசையாகிவிடும். கிறிஸ்துமஸ் மகிழ்ச்சியைக் குடும்ப மகிழ்ச்சியாக மட்டும், புத்தாடையும் கேக்குமாக மட்டும் சுருக்கிக்கொள்ளும் பிரசங்கங்கள், மரியா பாடியதைவிட மிகக் குறைவான ஒன்றையே அறிவிக்கின்றன.

கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்த மக்களோடு வாழ வந்தவர்களில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் முதன்மையானவர். வள்ளலார் பாடல்களில் தோய்ந்த காந்தியவாதி. தலித் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981இல் ‘லாஃப்டி’ என்ற உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். நிலவுடைமையாளர்களோடு பேசி, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று, நிலத்தை வாங்கிக் கூலிப் பெண்களின் பெயரிலேயே எழுதி வைத்தார். அந்தப் பெண்கள் தங்கள் வயலில் முதல் முறை கதிர் அறுத்தபோது அடைந்ததை, எசாயாவின் உவமைக்கு இந்த மண் தந்த உரை என்று சொல்லலாம். கிறிஸ்தவரல்லாத ஒருவர் அதை எழுதியது கிறிஸ்தவர்களுக்குப் பாடமும் ஆகும்.

இன்னொரு தேதி 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் பலர் காலையில் கடற்கரையில் இருந்தார்கள். ஒன்பது மணியை ஒட்டிச் சுனாமி அலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் மீனவக் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும். நாகூர் தர்காவின் நிலத்தில் சமயம் பாராமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் அன்று திருக்குடும்பத் திருவிழா. அந்த ஆண்டுச் சுழற்சியில் அன்றைக்குரிய நற்செய்தி, ஏரோதின் வாளுக்குத் தப்பி யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி. உயிர் பிழைக்க ஓடும் குடும்பத்தைப் பற்றிய வாசகம் அந்தக் காலையில் வாசிக்கப்பட்டது.

மத்தேயு எழுதிய பிறப்புக் கதை இந்தத் துயரத்தை வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விண்மீனைக் கண்ட ஞானிகளின் பேருவகையைச் சொன்ன அதே அதிகாரத்தில்தான் பெத்லகேமின் பச்சிளங் குழந்தைகள் வெட்டப்படுகிறார்கள். தேற்ற முடியாத தாயின் அழுகை வருகிறது. அந்தத் தாயை யாரும் ஆறுதல் சொல்லி அடக்குவதாக மத்தேயு எழுதவில்லை. அழுகை அப்படியே நிற்கிறது. டிசம்பர் 28ஆம் நாளை அந்தக் குழந்தைகளுக்கென்றே திருச்சபை ஒதுக்கியிருக்கிறது. பண்டிகைக்கு மூன்றாம் நாள் இறந்த குழந்தைகளை நினைக்கும் வழிபாடு இருப்பது, இந்த மகிழ்ச்சி எதையும் மறந்துவிட்டுப் பெறுவது அல்ல என்பதற்குச் சான்று.

தஞ்சாவூரில் வியாகுல மாதா கோவில் இருக்கிறது. மரியாவின் ஏழு வியாகுலங்களில் முதலாவது, ஆலயத்தில் குழந்தையை ஏந்திய முதியவர் சிமியோன், அவள் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முன்னுரைத்தது. அதே ஆலயக் காட்சிதான் செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள்களில் நான்காவதாகவும் எண்ணப்படுகிறது. ஒரே நிகழ்வு, ஒரே நாள், ஒரே தாய். இரண்டு பட்டியலிலும் இடம் பெறுகிறது. இதைத் தொகுத்தவர்கள் குழம்பிப்போகவில்லை. பிள்ளை பெற்றவள் எவளும் இரண்டையும் ஒன்றாகவே சுமக்கிறாள் என்பதை அறிந்திருந்தார்கள். வேளாங்கண்ணியிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமியில் இறந்தவர்களுக்கான வழிபாடு ஆண்டுதோறும் நடக்கிறது. விளக்குத் தோரணம் கழற்றப்படாத அதே கோவில் வளாகத்திலிருந்து மெழுகுத்திரி ஏந்திய கூட்டம் நினைவிடத்துக்குப் போகிறது.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோபர் 1943 கிறிஸ்துமஸை பெர்லினின் டேகல் சிறையில் கழித்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக அந்த ஏப்ரலில் கைதானவர். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். சிறையில் கழித்த அந்த 1943 டிசம்பரில் பெற்றோருக்கு எழுதிய மடலில், சத்திரத்தில் இடம் கிடைக்காத குழந்தையின் பிறப்பை வெளியே இருப்பவர்களைவிடச் சிறைக்குள் இருப்பவன் நன்றாகப் புரிந்துகொள்வான் என்ற கருத்தை எழுதினார். பிலிப்பியருக்கு மகிழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கடிதத்தைப் பவுலும் காவலில் இருந்தபடிதான் எழுதினார். இவர்கள் துன்பத்தை இன்பமாக நடித்தவர்கள் அல்லர். தங்களை விட்டு எதுவும் பிரிக்க முடியாத ஒருவர் அருகில் இருக்கிறார் என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு இந்த மகிழ்ச்சியை விளக்க முடியும். கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. அதை ஒப்புக்கொள்வது நல்லது.

கொடுக்க முடிந்தது வேறொன்று உண்டு. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை பஞ்சத்தில் விழுந்தபோது, கோட்டைக்குள் நெல் வந்து சேர வண்டிமாடு தர ஒருவரும் முன்வரவில்லை, முன்பு ஏமாற்றப்பட்டிருந்தார்கள். சுவார்ட்ஸ் தம் வாக்கைப் பிணையாக வைத்துக் கேட்டார். மாடுகள் வந்தன, நெல்லும் வந்தது, பேசியபடி கூலியும் போய்ச் சேர்ந்தது. சுற்றுப்புறத்து மக்கள் ஒரு பாதிரியாரின் சொல்லை அவர் சமயத்தைப் பார்த்து நம்பவில்லை. அதுவரை அவர் நடந்துகொண்டதைப் பார்த்து நம்பினார்கள்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை, அதாவது தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்டவர், தம் பொருளை எடுத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். அவர் கத்தோலிக்கர், திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் நெருங்கிய நண்பர். பஞ்சம் தீர வேண்டி அவர் பாடிய கீர்த்தனைகள் எந்தச் சமயத்தாரும் பாடக்கூடியவை. 1878இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயரே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மேலேயே ஒரு கீர்த்தனை இயற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதி. சிவபக்தர், ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யை இயற்றியவர். சிதம்பரம் போக ஒரு நாள் விடுப்புக்காக ஆண்டையிடம் கெஞ்சிய பறையர் குலத்துப் பண்ணையாளின் ஏக்கத்தை இதே காவிரிக்கரையில் ஊர் ஊராகப் பாட வைத்தவர்.